முப்பது பேர் பேசினார்கள், ஒருவர் பதில் சொன்னார்: அவை முன்னவரின் பதிலுரையை எப்படிப் படிப்பது?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 11

அவை நடவடிக்கையை நேரலையில் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தது எனக்கு இதுவே முதல் முறை. முப்பது பேருக்கு மேல் பேசினார்கள். ஒருவர் குடிநீர் என்றார், அடுத்தவர் ஓய்வூதியம் என்றார், இன்னொருவர் தம் தொகுதியில் பாதியில் நிற்கும் பாலத்தைச் சொன்னார், வேறொருவர் வெளிநாட்டுச் சிறைகளில் இருப்பவர்களைப் பற்றிப் பேசினார். கடைசியில் அவை முன்னவர் எழுந்து பேசியதைக் கேட்டால், பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதையாக இருந்தது. பாதிப் பேருக்கு “உரிய அமைச்சரின் கவனத்துக்குக் கொண்டு செல்கிறேன்” என்றார். மீதிப் பேரின் பெயரையே எடுக்கவில்லை. இதற்குப் பெயர் பதிலுரையா?

பிப்ரவரி 11, இரவு

பதிலுரைதான். ஆனால் யார், எந்த விவாதத்துக்குப் பதில் சொன்னார் என்பதைப் பார்க்காமல் மதிப்பெண் போட முடியாது. அவையில் அரசின் அலுவலை நடத்திச் செல்பவர்தான் அவை முன்னவர்; அவர் கையில் இருப்பது அவையின் நேரம், துறைகள் அல்ல. பாலத்துக்கு நிதி தருகிறேன் என்று அவர் சொல்லிவிட்டால், அது வேறோர் அமைச்சரின் கோப்பில் கையெழுத்துப் போட்டதற்குச் சமம். அமைச்சரவை கூட்டாகப் பொறுப்பேற்கும் முறையில் ஒருவர் சொன்ன சொல் எல்லோரையும் கட்டும் என்பதால், அவர் அளந்து பேசுவதில் நியாயம் உண்டு.

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் இந்த வேலை தனி அரங்காகவே வளர்ந்திருக்கிறது. வியாழக்கிழமைகளில் அவை முன்னவர் அடுத்த வாரத்துக்கான அலுவலை அறிவிப்பார். எதிர்க்கட்சியில் அவருக்கு இணையாக நிற்கும் நிழல் முன்னவர் முதலில் கேட்பார்; அதன் பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பதவி எதுவும் இல்லாத பின்வரிசை உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுவார்கள். அவர்கள் கேட்க வேண்டியது “இதைப் பற்றி விவாதிக்க நேரம் ஒதுக்குவீர்களா?” என்பது மட்டுமே. நடைமுறையில், அந்த ஒற்றை வாக்கியத்தின் தோளில் ஏறிக்கொண்டு மூடப்படவிருக்கும் மருத்துவமனை, நிற்காமல் போகும் ரயில், உதவித்தொகை கிடைக்காத ஒரு தாய் என எல்லாமே அவைக்குள் வந்துவிடும். அங்கே நல்ல பதில் என்பது குறையைத் தீர்ப்பது அன்று. அது எந்தக் கதவைத் தட்ட வேண்டிய குறை என்று சொல்வது. நாளின் முடிவில் நடக்கும் ஒத்திவைப்பு நேர விவாதமா, அந்தத் துறையின் கேள்வி நேரமா, பின்வரிசையினர் கேட்கும் விவாதங்களுக்கு நேரம் ஒதுக்க 2010இல் அமைக்கப்பட்ட பின்வரிசை அலுவல் குழுவா என்பதைச் சொல்லி, முடிந்தால் கிழமையையும் சொல்லிவிடும் முன்னவர் தம் கடமையைச் செய்தவர்.

இந்திய மக்களவையில் இதற்கு இணையான ஒன்று உண்டு. வார இறுதி அமர்வை ஒட்டி நாடாளுமன்ற விவகார அமைச்சர் அடுத்த வார அரசு அலுவலை அறிவிக்கிறார். அதில் எவற்றைச் சேர்க்க வேண்டும் என்று உறுப்பினர்கள் வரிசையாகச் சொல்கிறார்கள். ஆனால் இங்கே அந்தக் கோரிக்கைகள் பெரும்பாலும் பதிவேட்டில் ஏறுவதோடு நின்றுவிடுகின்றன. ஒவ்வொருவருக்கும் எழுந்து பதில் சொல்லும் பழக்கம் வேரூன்றவில்லை.

பிப்ரவரி 12

நேற்று முன்னவருக்குக் கொடுத்த சலுகைக்கு ஒரு வரம்பு போட வேண்டும். குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது நடக்கும் விவாதத்துக்குப் பிரதமர் பதில் சொல்லும்போது இந்தச் சலுகை அவருக்குக் கிடையாது. அரசமைப்பின் 87ஆம் பிரிவின்படி வரும் அந்த உரை அரசின் எல்லாத் துறைகளையும் தொடுகிறது. ஆகவே உறுப்பினர்களும் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். அங்கே நின்றுகொண்டு “உரிய அமைச்சரிடம் சொல்கிறேன்” என்று பிரதமர் சொன்னால் அவையே சிரித்துவிடும்.

அந்தப் பதில் நிறைவளிக்காவிட்டால் உறுப்பினர்களுக்கு ஓர் ஆயுதம் உண்டு. தாங்கள் கொண்டுவந்த திருத்தங்களை வழக்கமாகப் பதிலுரைக்குப் பின் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள்; திரும்பப் பெற மறுத்தால் வாக்கெடுப்புத்தான். 2015 மார்ச்சில் மாநிலங்களவையில் கறுப்புப் பணம் பற்றிய திருத்தத்தை சீதாராம் யெச்சூரி விடாமல் வலியுறுத்தினார், அது நிறைவேறியது. அடுத்த ஆண்டும் அதே அவையில் குலாம் நபி ஆசாத்தின் திருத்தம் நிறைவேறியது. பதிலுரை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிப்ரவரி 13

“இவ்வளவு பரிந்து பேசுகிறீர்களே, நீங்கள் யார் பக்கம்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓய்வு பெறும்வரை ஓர் அரசுத் துறையின் அவை அலுவல் பிரிவில் இருந்தவன் நான். விவாத நாள்களில் அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலை. பக்கம் என்று ஒன்று இருந்தால் அது அந்த மாடத்தின் பக்கம்.

அங்கிருந்து பார்த்தால் பதிலுரை எப்படி உருவாகிறது என்பது தெரியும். உறுப்பினர் எழுந்தவுடன் நீளத்தாளின் இடப்புறம் அவர் பெயரை எழுதுவோம். நடுவில் அவர் சொன்ன விஷயம். வலப்புறம் எந்தத் துறை. இருபது நிமிடப் பேச்சில் பதினெட்டு நிமிடம் ஆட்சியின் மீதான பொதுக் கண்டனமாகவோ பாராட்டாகவோ இருக்கும். நடுப்பத்தியில் எழுத எதுவும் கிடைக்காது. பிறகு, மணி அடிக்கப்பட்டு, “முடிக்கிறேன், முடிக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே கடைசி அரை நிமிடத்தில் நான்கு கோரிக்கைகளை ஒரே மூச்சில் வாசிப்பார். தொகுதி மக்கள் அவரை அனுப்பியது அந்த நான்குக்காகத்தான். அவற்றில் இரண்டு காதில் விழும். மற்ற இரண்டு கூச்சலில் போய்விடும். சுருக்கெழுத்தாளரிடம் போய்க் கேட்டு வாங்கி வருவோம்.

தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைகளுக்குத் தொலைபேசியில் போகும். துறையிலிருந்து பதில் துண்டுச்சீட்டாக வந்து, காவலர் கை வழியாக முன்வரிசைக்குச் சேரும். பதில் சொல்லும் தலைவர் எழுந்து பேசத் தொடங்கிய பிறகும் சீட்டுகள் வந்துகொண்டே இருக்கும். நான் பார்த்த ஒரு மூத்த தலைவர், வரும் சீட்டுகளை ஆட்டக்காரர் சீட்டு அடுக்குவதைப் போல இடது கையில் விசிறியாகப் பிடித்துக்கொண்டு, பேச்சை நிறுத்தாமலே ஒன்றை உருவி, “சற்று முன் அந்தப் பாலத்தைப் பற்றிக் கேட்ட உறுப்பினர் அவையில் இருந்தால் கேட்டுக்கொள்ளட்டும்” என்று சொல்லிவிட்டு, ஒப்பந்ததாரர் விலகியதால் மறு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டிருக்கிறது என்று இரண்டே வரியில் முடித்தார். அந்த உறுப்பினர் அவையில் இல்லை.

அவையில் இல்லாதவருக்குப் பதில் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பேசியவர்கள் விவாத நிறைவுரையின்போது திரும்பி வந்து உட்கார வேண்டும் என்பது காமன்ஸ் சபையின் மரபு. பேசி முடித்த கையோடு எழுந்து போகக் கூடாது என்று மக்களவையின் நடத்தை விதியிலும் இருக்கிறது. இரண்டு இடங்களிலும் அது எவ்வளவு மீறப்படுகிறது என்பதை நேரலையில் காலி இருக்கைகளே காட்டிக்கொடுக்கும். எனவே வாசகர் சொன்ன “பெயரையே எடுக்கவில்லை” என்ற குறையில் ஒரு பங்கு, பேசிவிட்டுப் போய்விட்டவர்களைச் சேரும்.

பிப்ரவரி 13, சற்றுப் பிறகு

மேலே எழுதியதைப் படித்த ஒருவர், “முன்வரிசையில் இருப்பவருக்குச் சொந்தமாக எதுவும் தெரியாது, சீட்டுதான் பேசுகிறது என்கிறீர்களா?” என்று கேட்கிறார். இல்லை. சீட்டில் இருப்பது விவரம் மட்டும். முதலில் யாருக்குப் பதில் சொல்வது, யாரைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது, எந்தக் குறுக்கீட்டுக்கு உட்கார்ந்து இடம் கொடுப்பது என்பதெல்லாம் அவர் மூளையில் நடக்கிறது. கைதேர்ந்தவர்கள் எதிர்க்கட்சியின் கடினமான கேள்வியை முதலிலேயே எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அவை அடங்கி உட்காரும். அனுபவம் இல்லாதவர்கள் அதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். கடைசி நேரத்தில் வெளிநடப்பு நடந்து, பதில் காலி வரிசைகளுக்குப் போய்ச் சேரும்.

பிப்ரவரி 15

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பதிலுரையில் எத்தனை பேருக்குப் பதில் கிடைத்தது என்று எண்ணுவதை விட, சொன்ன சொல்லில் எது பிறகு துரத்திப் பிடிக்கத்தக்கது என்று பார்ப்பதே பயனுள்ளது. இந்திய நாடாளுமன்றத்தில் இதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மக்களவையில் 1953 டிசம்பரில் அமைக்கப்பட்டது; 15 உறுப்பினர்கள். மாநிலங்களவையில் 1972இல் வந்தது, 10 உறுப்பினர்கள். அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது.

முறை இதுதான். நாள்தோறும் அவைக் குறிப்புகளைச் சல்லடை போட்டு, அமைச்சர்கள் வாயிலிருந்து விழுந்த உறுதிமொழிகளை நாடாளுமன்ற விவகார அமைச்சகம் பிரித்தெடுக்கிறது. எந்தெந்தச் சொற்றொடர் உறுதிமொழியாகக் கொள்ளப்படும் என்பதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது: பரிசீலனையில் உள்ளது, கவனிக்கிறேன், விசாரித்துக்கொண்டிருக்கிறோம், உறுப்பினருக்குத் தெரிவிக்கிறேன், சுற்றுப்பயணத்தின்போது நேரில் பார்க்கிறேன் என்ற வகையில் அது போகிறது. அப்படிப் பிரிக்கப்பட்ட ஒன்றை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி, அதற்கான அறிக்கையை அவையின் மேசையில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் கூடுதல் காலம் கேட்க வேண்டும். கைவிட விரும்பினால் அதற்கும் குழுவின் இசைவு வேண்டும். முந்தைய மக்களவைகளில் கொடுக்கப்பட்டு நிலுவையில் கிடந்தவற்றை அடுத்த மக்களவையின் குழு எடுத்து விசாரித்ததும் உண்டு.

இதனால்தான் அனுபவமுள்ள அதிகாரிகள் தலைவருக்கு எழுதித் தரும் வரியில் “பரிசீலிக்கப்படும்” என்ற சொல்லைக் கண்டால் பதறுவார்கள். நாங்களே அதை அடித்துவிட்டு “உறுப்பினரின் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது” என்று மாற்றி எழுதியிருக்கிறோம். வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டும் ஒரே மழுப்பல். உள்ளே இருப்பவர்களுக்கோ முன்னது மூன்று மாத வேலை, பின்னது பூஜ்யம்.

பிப்ரவரி 16

“அப்படியானால் ‘கவனத்துக்குக் கொண்டு செல்கிறேன்’ என்பது எந்தப் பக்கம்?” என்று கேள்வி கேட்ட வாசகரே மீண்டும் வந்திருக்கிறார். என் கணிப்பில் அது நடுவில் தொங்குகிறது. சொல்கிறேன் என்றவர் சொல்லிவிட்டால் அவர் கடன் முடிந்தது. கேட்ட அமைச்சர் எதுவும் செய்யக் கடமைப்பட்டவர் அல்லர். அதனால் உறுப்பினர் புத்திசாலியாக இருந்தால் அங்கேயே எழுந்து “அமைச்சரின் பதிலை எனக்கு எழுத்தில் அனுப்பச் செய்வீர்களா?” என்று ஒரு துணை வினாவைச் செருகிவிடுவார். “ஆகட்டும்” என்று பதில் சொல்பவர் தலையசைத்தால் போதாது. தலையசைப்பு குறிப்பில் ஏறாது. வாயைத் திறந்து சொல்ல வைக்க வேண்டும்.

இதில் அவைக்கு அவை வேறுபாடு உண்டு. மாநிலங்களவையில் அமைச்சர் அறிக்கை படித்தால் உறுப்பினர்கள் விளக்கம் கேட்கலாம். மக்களவையில் 372ஆம் விதிப்படி அறிக்கை படிக்கப்படும்போது கேள்வி கேட்க முடியாது. ஒரே அமைச்சர், ஒரே தாள், ஒரே நாள். ஓர் அவையில் வியர்க்கும், மற்றதில் வியர்க்காது.

பிப்ரவரி 19

ஆளுங்கட்சி உறுப்பினர்களைப் பற்றி யாருமே கேட்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. எதிர்க்கட்சியினருக்குப் பதில் சொல்வது ஒரு வகையில் எளிது. மறுத்தாலும் தாக்கினாலும் அது எதிர்பார்த்ததே. சொந்த வரிசையிலிருந்து எழுபவர் முதல் மூன்று நிமிடம் தலைவரைப் புகழ்ந்துவிட்டு, நான்காவது நிமிடத்தில் “ஆனால் என் தொகுதியில்” என்று இழுக்கும்போதுதான் முன்வரிசையில் முகம் மாறும். அந்த “ஆனால்” வரும் இடத்தைக் கணித்துப் பேனாவைத் திறப்பது எங்கள் மாடத்தில் ஒரு விளையாட்டாகவே இருந்தது.

1985இல் அரசமைப்பின் 52ஆவது திருத்தத்தின் மூலம் பத்தாம் அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடும். அந்தத் தண்டனையை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று 1990இல் தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது, ஏற்கப்படவில்லை. ஆகவே ஆளுங்கட்சி உறுப்பினரின் கையில் வாக்கு என்ற அழுத்தம் இல்லை. மிஞ்சியிருப்பது மக்களவையில் 377ஆம் விதியின் கீழ் ஒரு குறிப்பைப் படிப்பதும், அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் எழுவதும், மாநிலங்களவையாக இருந்தால் 250 சொற்களுக்குள் ஒரு சிறப்புக் குறிப்பு கொடுப்பதும்தான். அவருக்குக் கிடைக்கும் பதில் மிகவும் அன்பாக இருக்கும். அந்த அன்பைத் தவிர அதில் வேறொன்றும் இராது.

எப்போதுமே அப்படி இருந்ததில்லை. 1957 டிசம்பரில் மக்களவையில் ஆளுங்கட்சி வரிசையிலிருந்து எழுந்த பெரோஸ் காந்தி, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளுக்குப் போனது எப்படி என்று கேட்டார். பிரதமர் நேரு அவருடைய மாமனார். “உரிய அமைச்சரிடம் சொல்கிறேன்” என்பதோடு அது முடியவில்லை, நீதிபதி எம்.சி.சாக்ளாவின் விசாரணை நடந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லாத காலம் என்று ஒருவர் குறிப்பிடக்கூடும். உண்மைதான், ஆனால் பெரோஸ் காந்தி எதிர்த்து வாக்களிக்கவில்லை, கேள்விதான் கேட்டார். கேள்வி கேட்பதைப் பத்தாம் அட்டவணை இன்றும் தடுக்கவில்லை. தடுப்பது வேறு ஏதோ.

பிப்ரவரி 20

“வேறு ஏதோ என்றால் அடுத்த தேர்தலில் கிடைக்க வேண்டிய இடம்” என்று ஒருவர் ஒரே வரியில் எழுதியிருக்கிறார். மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 22

பிரிட்டனின் பிரதமர் கேள்வி நேரத்தைப் போல ஒன்று இருந்தால் இந்த மழுப்பல் எல்லாம் ஒழியும் என்று இருவர் வாதிடுகிறார்கள். அங்கே 1961 முதல் செவ்வாயும் வியாழனும் பதினைந்து பதினைந்து நிமிடங்களாக இருந்ததை, 1997இல் டோனி பிளேர் புதன்கிழமை அரை மணி நேரமாக இணைத்தார். எழுத்தில் கொடுக்கப்படும் கேள்வி பிரதமரின் அன்றைய நிகழ்ச்சிகள் என்ன என்பதுதான். துணை வினாவாக எதையும் கேட்கலாம். முன்னறிவிப்பு இல்லாமல் நாட்டின் எந்த மூலையைப் பற்றியும் கேள்வி வரும் என்பதால், அது பதிலைவிடப் பதிலடிக்கே ஏற்ற மேடையாகிவிட்டது என்பது என் நெடுநாள் அபிப்பிராயம்.

இருந்தாலும் மாடத்தில் இருந்தவன் என்ற முறையில் அதற்குச் சாதகமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தக் கேள்வி வரும் என்று தெரியாத நிலையில் எல்லாத் துறைகளும் தங்கள் கோப்புகளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று முன்கூட்டியே தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலில் சில குறைகள் கேட்கப்படாமலேயே சரியாகிவிடும். அவையில் வாய்மொழியாகப் பதில் பெறும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு கேட்கும் நம் முறையில், கேட்கப்பட்ட கோப்பு மட்டும்தான் தூசி தட்டப்படுகிறது. நிதானமாகத் துருவிக் கேட்க விரும்புவோருக்கு அங்கே இன்னொரு வழியும் இருக்கிறது: 2002 முதல் பிரதமர் காமன்ஸ் சபையின் குழுத் தலைவர்கள் அடங்கிய தொடர்புக் குழுவின் முன் உட்கார்ந்து பதில் சொல்கிறார். கைத்தட்டல் இல்லாத அந்த அறையில் நழுவுவது கடினம்.

கேள்வி நேரமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் பார்த்தோம். பெருந்தொற்றைக் காரணம் காட்டி வாய்மொழிக் கேள்விகள் நிறுத்தப்பட்டன. எழுத்துப் பதில்கள் வந்தன, துணை வினா மட்டும் இல்லை.

பிப்ரவரி 26

கேள்வி கேட்ட வாசகர் அன்றைய விவாதத்தை அச்சுக் குறிப்பில் எடுத்து, நான் சொன்னதைப் போலவே மூன்று பத்தி போட்டு அட்டவணை தயாரித்திருக்கிறார். அவருடைய பொறுமைக்கு வணக்கம். அவர் கண்டதில் ஒன்று எனக்கும் புதிது: பெயர் சொல்லாமல் விடப்பட்டவர்களில் பலருடைய விஷயங்கள், பெயரில்லாமல், “ஓய்வூதியம் தொடர்பாகச் சில உறுப்பினர்கள்” என்று தொகுத்துப் பதில் சொல்லப்பட்டிருக்கின்றன. நேரலையில் பார்த்தபோது அது அவர் காதில் பதிலாகவே விழவில்லை. தொகுத்துப் பதில் சொல்வது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் பத்துப் பேர் பத்துக் கோணத்தில் கேட்டதை ஒன்றாக்கும்போது, மிக எளிதான கோணத்துக்கு மட்டும் பதில் சொல்லித் தப்பிக்கவும் அதுவே வழி. அந்த அட்டவணையில் ஓய்வூதிய வரிசையைப் பாருங்கள். நிலுவைத் தொகை எப்போது வரும் என்று கேட்டவருக்கும் திட்டம் எவ்வளவு சிறப்பானது என்பதே பதிலாக வந்திருக்கிறது.

அந்த நிலுவைத் தொகையை இனி யாராவது கேட்க முடியுமா என்று அவர் கடைசியாகக் கேட்டிருக்கிறார். முடியும். துறைகளின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைகள் வரும்போது அதே துறையின் மீது 100 ரூபாய் அடையாள வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம்; குறிப்பிட்ட குறையை அவையில் பேசுவதற்கென்றே இருக்கும் வழி அது. ஆனால் கடைசி நாளில், மிச்சமிருப்பதை மொத்தமாக வாக்குக்கு விடும் கில்லட்டின் விழுந்து பல துறைகளின் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் நிறைவேறிவிடும் என்பதால், அந்தத் துறை விவாதப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் எழுத்தில் பதில் பெறும் நட்சத்திரக் குறியிடாத கேள்வி. அதில் பதிலுரையின் தேதியையும் வாக்கியத்தையும் மேற்கோளாகக் காட்டி, நிலுவை எவ்வளவு, எந்த மாதத்துக்குள் தரப்படும் என்று இரண்டு உட்பிரிவாகக் கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது உட்பிரிவாகத் திட்டத்தின் சிறப்பைக் கேட்டுவிடக் கூடாது. பதில் முழுவதும் அதிலேயே போய்விடும்.